பன்னிரண்டே கால்

விமானம் காலை ஏழு மணிக்குப் பெங்களூரில் கிளம்பி, பன்னிரண்டே காலுக்கு லண்டனில் இறங்கும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. போட்டிருந்ததை யசோதா அப்படியே நம்பினாள். அச்சடித்த காகிதத்தைச் சந்தேகப்படுகிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. ஏழிலிருந்து பன்னிரண்டே கால் வரை ஐந்தேகால் மணி நேரம். சென்னைக்கு பஸ்ஸில் போனால் ஆறு மணி நேரம், கிருஷ்ணகிரியில் டீ குடிக்க நிறுத்தினால் ஆறரை. அப்படிப் பார்த்தால் சென்னையைவிட லண்டன்தான் பக்கம் என்று அவள் கணவர் சின்னப்பா பிரேசர் டவுனில் தன் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் யாரும் லண்டனுக்குப் போனதில்லை.

போவது அவர்களுடைய ஒரே மகள் அனுஷா. இருபத்தைந்து வயது, நர்ஸ். அந்த ஊர்ப் பரீட்சையை இரண்டு தடவை எழுதித் தோற்று, மூன்றாம் தடவை தேறி, லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியிருந்தாள். "எட்டாயிரம் கிலோமீட்டர்மா" என்று அவள் ஒருநாள் சொன்னபோது, யசோதா கேட்டது "அங்க கொத்தமல்லி கெடைக்குமாடி?" என்றுதான். எட்டாயிரத்தை ஐந்தேகாலால் வகுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

யசோதாவிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேர்கிற வரைக்கும் வீட்டைக் கூட்ட மாட்டாள், தலைக்கு ஊற்றிக்கொள்ள மாட்டாள். கூட்டினால் போனவர்களையும் சேர்த்துத் தள்ளினதாக ஆகிவிடும். மற்ற விஷயங்களில் அவள் அவ்வளவு ஆசாரம் பார்க்கிறவள் அல்ல. ராகு காலத்தில் புடவை எடுப்பாள், செவ்வாய்க்கிழமை நகம் வெட்டுவாள். ஆனால் இதில் மட்டும் அவளை அசைக்க முடியாது. அனுஷா பள்ளிக்கூடத்தில் மைசூருக்கு டூர் போனபோது, பஸ் பழுதாகி ராத்திரி எட்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அதுவரை வீடு குப்பையாகக் கிடந்தது. "இதெல்லாம் இன்னாம்மா, பஸ் உன் தொடப்பத்துலயா ஓடுது?" என்று மகள் அப்போதும் சிரித்தாள், அப்புறமும் சிரித்தாள்.

அன்றைக்கு அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பது லேசாக இல்லை. யசோதா வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பன்னிரண்டு பெண்கள் அவளுக்குக் கீழே. ஆறு மாடியில் எந்த மூலையில் தூசி இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது, பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. மகள் கிளம்புகிறாள் என்று லீவு போட்டிருந்தாள். பெட்டி கட்டின வீடு எப்படி இருக்கும்? டேப் துண்டு, நூல், முறுக்குத் தூள், உடைந்த சீப்பு, தலைமுடிச் சுருள், ஸ்டிக்கர் உரித்த காகிதம். இதற்கு நடுவில் காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். டிவியைப் போட்டாள், அணைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பாவம், கடிகாரமும் தன்னால் முடிந்த வேகத்தில்தான் ஓடியது.

பன்னிரண்டே கால் ஆனது. கதவைத் திறந்து ஆட்கள் இறங்க வேண்டாமா என்று மேலும் கால் மணி பொறுத்தாள். கல்யாண மண்டபத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் சின்னப்பா அங்கிருந்து போன் பண்ணினார்.

"இன்னா, எறங்கிட்டாளா?"

"போன் வரலீங்களே."

"சிம்மு மாத்தணும்ல? செக்கிங் முடிஞ்சு வெளிய வரவே ஒரு மணி நேரம் ஆவும்னு சொல்லிக்கினு இருந்தாளே. அதெல்லாம் எறங்கியிருப்பா. நீ உன் வேலையப் பாரு."

அவ்வளவுதான், அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி எழுந்தாள். கட்டிலை நகர்த்தி, பீரோவுக்கு அடியில் கைவிட்டு, மூலை முடுக்கெல்லாம் கூட்டினாள். இரண்டு தண்ணீர் மாற்றித் துடைத்தாள். குப்பையை ஒரு புடவைக் கடை மஞ்சள் கவரில் கட்டி வைத்தாள். காலையில் வரவேண்டிய குப்பை ஆட்டோ அன்றைக்கென்று ஒரு மணிக்கு வந்தது. கவரை அதில் போட்டாள். தலைக்கு ஊற்றிக்கொண்டாள். விளக்கேற்றி, நெய் தாராளமாக விட்டுக் கேசரி கிளறினாள். மாடி வீட்டு மகாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். மனசும் வீடும் பளிச்சென்று இருந்தன.

ஒன்றரை ஆனது, இரண்டு ஆனது. போன் வரவில்லை. அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக்தான் நின்றது. சிம் கார்டு மாற்ற இவ்வளவு நேரமா? குளிர் ஊரில் விரல் மரத்துப் போயிருக்குமோ என்று நினைத்தாள். அப்புறம் நினைக்கக் கூடாததையும் நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இரண்டேகாலுக்கு ஷில்பா வந்தாள். அனுஷாவோடு இங்கே ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பெண். வீட்டில் கன்னடம், இவர்களிடம் தமிழ். காலை ஷிஃப்ட் முடிந்து, சீருடையை மாற்றாமலே வந்திருந்தாள்.

"வாம்மா, கேசரி எடுத்துக்கோ. லண்டன்ல எறங்கிட்டா. போன்தான் இன்னும் வரல."

"எறங்கிட்டாளா? இஷ்டு பேகா? இவ்ளோ சீக்கிரமா ஆண்டி?"

"சீக்கிரம் இன்னா, பன்னெண்டே காலுக்கே."

ஷில்பா கேசரிக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினாள். "ஆண்டி, பன்னெண்டே கால் அந்த ஊர் டைமு. நமக்கு அப்போ சாயங்காலம் அஞ்சே முக்கால். பத்தே முக்கால் மணி நேரம் பறக்கணும். இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு."

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். நீலமாக விரிந்த தண்ணீர்மேல் சின்னதாக ஒரு மஞ்சள் விமானம் இருந்தது.

"இதோ, இதுல இருக்கா. கருங்கடல் மேல."

அந்தக் கடலின் பெயரே யசோதாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் விமானத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். தரையில் ஒரு தூசி இல்லை. பெண் வானத்தில் இருக்கும்போது கூட்டித் தள்ளிவிட்டாள். அதோடு நிற்காமல் தலைமுழுகி, இனிப்பும் கிளறிவிட்டாள்.

"ஐயோ, இன்னா காரியம் பண்ணிட்டேன்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஷில்பாவுக்கு விஷயம் புரியவே இரண்டு நிமிஷம் ஆனது. புரிந்ததும், "ஆண்டி, இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பைலட் ஓட்டறார்" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயத்தைக் கேட்கிற காது அப்போது யசோதாவிடம் இல்லை. சத்தம் கேட்டு மகா இறங்கி வந்தாள். தர்மபுரிப் பக்கத்துக்காரி. எந்தச் சாஸ்திரத்துக்கும் ஒரு சந்து வைத்திருப்பவள்.

"கூட்டிட்டீங்களா யசோதாக்கா? சரி, அழுவாதீங்க. கூட்டுனா தப்பில்ல. கூட்டுன குப்ப வீட்டவுட்டு வெளிய போனாதான் தப்பு. வெளக்கு வெச்ச அப்புறம் கூட்டுனா இன்னா பண்றோம்? ஓரமா ஒதுக்கி வெச்சிட்டு காலைலதான தள்றோம்? அதே மாதிரிதான் இதுவும். குப்ப எங்க?"

யசோதா வாசல் பக்கம் பார்த்தாள்.

"ஆட்டோல போட்டுட்டீங்களா?"

அடுத்த ஐந்தாவது நிமிஷம் ஷில்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தாள் யசோதா. ஈரத் தலையை முடியக்கூட இல்லை. மசூதி ரோட்டில் வண்டிகள் நின்ற இடத்தில் நின்றன. ஒவ்வொரு சிக்னலிலும் ஷில்பா போனைத் திருப்பிக் காட்டினாள். மஞ்சள் விமானம் தண்ணீரைத் தாண்டி நிலத்துக்கு மேலே வந்திருந்தது. நிலம் என்றதும் யசோதாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, விழுந்தாலும் மூழ்காது என்று. பிறகு தான் நினைத்தது என்னவென்று உறைத்து, "முருகா, முருகா" என்று ஷில்பாவின் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அந்த வட்டாரத்துக் குப்பை ஆட்டோக்கள் எல்லாம் மைதானத்துக்குப் பின்னால்தான் நின்று, லாரியில் மாற்றிவிடும். அவர்கள் தெருவுக்கு வருகிற வீணா, ஆட்டோமேல் ஏறி நின்று கொட்டிக்கொண்டிருந்தாள். ஈரக் குப்பை போய்விட்டிருந்தது. காய்ந்த குப்பை மட்டும் இன்னும் தரையில் குவியலாகக் கிடந்தது.

"இன்னாக்கா, கம்மல் கிம்மல் போயிடிச்சா?" என்றாள் வீணா.

கம்மல் என்று சொல்லிவிட்டால் மானம் தப்பும். யசோதாவால் பொய்யை யோசிக்க முடியவில்லை. உள்ளதைச் சொன்னாள். பெண் விமானத்தில் இருக்கிறாள், நேரம் தெரியாமல் வீட்டைக் கூட்டிவிட்டேன், அந்தக் குப்பை வேண்டும். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. லாரி டிரைவர் சிரித்தார். வீணா சிரிக்கவில்லை.

"மொதல்ல இத்த சொல்றதுக்கு இன்னா? என் பையன் சபரிமலைக்குப் போனான்னா நானுந்தான் தொடப்பத்தத் தொடமாட்டேன். எந்தக் கவரு?"

"மஞ்சக் கவரு. பொடவக் கடை."

அங்கேதான் வந்தது சோதனை. அந்தக் கடையில் தீபாவளித் தள்ளுபடி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, பாதி பிரேசர் டவுன் அங்கேதான் துணி எடுத்திருந்தது. குவியலில் எங்கே பார்த்தாலும் மஞ்சள் கவர். வீணா ஒரு பக்கம், யசோதா ஒரு பக்கம், மூக்கைப் பொத்திக்கொண்டு ஷில்பா ஒரு பக்கம், ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். யாரோ வீட்டுப் பால் கவர்கள், யாரோ வீட்டு மாத்திரை அட்டைகள். எட்டாவது கவரில் உடைந்த சீப்பும் டேப் துண்டும் இருந்தன. யசோதா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆறு மாடி ஆபீஸில் ஒரு பேப்பர் துண்டைக்கூடத் தரையில் விடாத சூப்பர்வைசரம்மா குப்பைக் கவரைக் கட்டிக்கொண்டு நின்றதை, அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் அந்தப் பன்னிரண்டு பேரும் பார்க்காமல் போனது அவள் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்தபோது மூணே முக்கால். கவரைப் பிரித்துக் குப்பையைத் தரையில் தூவினாள். மகா கதவோரம் நின்று, "கட்டிலுக்கு அடில கொஞ்சம்க்கா, பீரோகிட்ட கொஞ்சம்" என்று கோலத்துக்குப் புள்ளி சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷில்பா வாய் பிளந்து பார்த்தாள்.

"சரி மகா, தலைக்கு ஊத்திக்கினேனே, அதுக்கு?" என்றாள் யசோதா.

மகா யோசித்தாள். குப்பையைப் பொறுக்கி வரலாம், ஊற்றின தண்ணீரை எங்கே போய்ப் பொறுக்குவது? "அத்த சாமிதான்க்கா பாத்துக்கணும்" என்று கைவிரித்துவிட்டாள்.

அந்த ஒரு பதிலில் யசோதாவின் பயம் முழுசாகத் திரும்பி வந்தது. ஈரம் காயாத கூந்தல் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. தன் கையாலேயே தன் பெண்ணுக்குக் கெடுதல் தேடிவிட்டோம் என்று அவள் உறுதியாக நம்பினாள். யார் என்ன சொன்னாலும் அந்த நம்பிக்கை நகரவில்லை.

நாலரைக்குச் சின்னப்பா வந்தார். தரையைப் பார்த்தார். "இன்னா இது, காலைல இருந்ததவிட மோசமா கீது?" என்றார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு வந்தது கோபம். தப்பில் பாதி தன்னுடையது என்று தெரிகிற ஆண்களுக்கு வருகிற கோபம் அது.

"டிக்கெட்டப் பாத்து அஞ்சே கால் மணி நேரம்னு மொதல்ல சொன்னது நீதான?"

"நான் சொன்னேனா? ஊரு பூரா சொன்னது யாரு? 'வேலையப் பாரு'ன்னு போன்ல சொன்னது யாருங்க?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். குப்பையில் கால் படாமல் இருக்கக் காலை மடித்து வைத்துக்கொண்டார். பிறகு, "எவ்ளோ தூரத்துல கீறாமா இப்போ?" என்று ஷில்பாவைக் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

ஐந்தரைக்கு விமானம் இங்கிலாந்துக் கரையைத் தாண்டியது. நாலு தலையும் ஒரு போனுக்கு மேல் குனிந்திருந்தன. இனிமேல் நேராகப் போய் இறங்க வேண்டியதுதான். ஆனால் மஞ்சள் விமானம் நேராகப் போகவில்லை. திரும்பியது. திரும்பி வந்த வழியே வந்து, மறுபடி திரும்பியது.

"இன்னாத்துக்குச் சுத்தறான்?" என்றாள் யசோதா.

"க்யூ இருக்கும் ஆண்டி. நம்ம சில்க் போர்ட் சிக்னல் மாதிரி" என்றாள் ஷில்பா. ஆனால் அவளும் நகத்தைக் கடித்தாள்.

இரண்டு சுற்று, மூன்று, நாலு. ஒவ்வொரு சுற்றுக்கும் யசோதா ஒரு சாமிக்கு வேண்டிக்கொண்டாள். நாலாவது சுற்றில் தெரிந்த சாமிகள் தீர்ந்து, தெருமுனைச் சர்ச் மாதாவுக்கும் ஒரு மெழுகுவத்தி நேர்ந்தாள். ஐந்தே முக்கால் தாண்டிவிட்டது. பிறகு விமானம் சுற்றை விட்டு நேராக நகர, ஷில்பா உயரத்தை வாசிக்க ஆரம்பித்தாள்.

"மூவாயிரம் அடி. ரெண்டாயிரம். ஆயிரத்தி எரநூறு. ஆய்த்து ஆண்டி, முடிஞ்சுது. எண்ணூறு. நானூறு."

சின்னப்பா கைகூப்பினார்.

"எழுநூறு" என்றாள் ஷில்பா. பிறகு நிறுத்தினாள்.

"இன்னாடி?"

"மேல போகுது ஆண்டி. ஆயிரத்தி ஐநூறு. ரெண்டாயிரத்தி ஐநூறு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தரையைத் தொடப்போன விமானம் ஏன் மேலே ஏற வேண்டும்? மகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். யசோதா சுவரில் சாய்ந்து தரையில் சரிந்தாள். அவிழ்ந்த கூந்தலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "நான்தான், நான்தான் பண்ணேன்" என்றாள். சின்னப்பா அவள் பக்கத்தில் வந்து, குப்பையைப் பார்க்காமல் தரையிலேயே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அடுத்தவர் முன்னால் அவர் அப்படிச் செய்ததில்லை.

அந்த இருபத்தைந்து நிமிஷத்தை எழுதுவது கஷ்டம். ஷில்பா எண்களை உரக்க வாசிப்பதை நிறுத்திவிட்டாள், மனசுக்குள்ளேயே வாசித்தாள். கடைசியில் அவள் முகம் கோணி அழுகை வந்தபோது, மற்ற மூவரும் செத்தே போனார்கள்.

"இறங்கிடுச்சு ஆண்டி" என்றாள் அவள், அழுதுகொண்டே. "ரன்வேல ஓடுது. பாருங்க."

மணி ஆறேகால் தாண்டியிருந்தது.

ஆறே முக்காலுக்கு யசோதாவின் போன் அடித்தது. அனுஷா. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஷில்பா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மா!"

"கண்ணு, நல்லாக்கீறியா? கை கால்லாம் நல்லாக்கீதா?"

"நல்லாக்கீறேன்மா. ஐயோ, இன்னா ஆச்சு தெரியுமா? கீழ ரோடு, காரு எல்லாம் தெரியுது, அவ்ளோ கிட்ட வந்துட்டு சட்டுனு மேல தூக்கிட்டான். ஒரே காத்து. பிளேனே ஆடுது. எல்லாரும் கத்தறாங்க. என் பக்கத்துல ஒரு அக்கா, ஆந்திராக்காரங்க, என் கையப் புடிச்சிக்கினு ஓன்னு அழுவறாங்க."

"நீயி? நீ பயந்துட்டியாடி?"

"நானா?" என்று அனுஷா சிரித்தாள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மைசூர் டூருக்குச் சிரித்த அதே சிரிப்பு. "எனக்கு பயமே இல்லம்மா. அந்த அக்காகிட்ட சொன்னேன். அழுவாதீங்கக்கா, நம்ம பிளேனுக்கு ஒண்ணும் ஆவாது, நான் போய்ச் சேர்ற வரைக்கும் எங்கம்மா வீட்டக் கூட்டமாட்டாங்கன்னு. அவங்க அழுவறத நிறுத்திட்டு என்னையே பாக்கறாங்க. நான் அதையேதான் சொல்லிக்கினு வந்தேன், எறங்கற வரைக்கும்."

மகா மேலே பார்த்தாள். ஷில்பா கீழே பார்த்தாள். சின்னப்பா மனைவியைப் பார்த்தார். யசோதாவின் கண்ணிலிருந்து நீர் நிற்காமல் வழிந்தது. சந்தோஷமா, வெட்கமா, இரண்டுமா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தொடவே இல்லடி கண்ணு" என்றாள்.

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றாள் அனுஷா.